ஒரு வெள்ளியும் தவறாமல்

வலி முதலில் வந்தது பனித்தளத்தில் அல்ல, கோயிலில்.

அது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. அம்மாவும் நானும் அம்மன் கோயிலின் உள்வீதியைச் சுற்றிக்கொண்டிருந்தோம். வெறுங்கால். இரண்டாவது சுற்றில் இடது பாதத்தின் மேற்புறத்தில், கணுக்காலுக்குச் சற்று முன்னால், யாரோ பெருவிரலை வைத்து அழுத்தியதுபோல ஒரு நோவு. நின்றேன், போய்விட்டது. நடந்தேன், மறுபடி வந்தது. மூன்றாவது சுற்றை நொண்டிக்கொண்டே முடித்தேன்.

"என்ன பிள்ளை, களைக்குதோ?" என்று கேட்டார் அம்மா. "விரதமெல்லோ. போய் இரு, நான் பிரசாதம் வாங்கிக்கொண்டு வாறன்."

சுவரோரம் போய் இருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அன்ரி தன் மகளுக்கு என்னைக் காட்டினார். "பார், அக்கா விடியக் காலமை ஐஸிலை நிண்டிட்டு, ஒண்டும் சாப்பிடாமல் கோயிலுக்கு வந்திருக்கிறா. நீயும் இருக்கிறியே!" அந்தச் சிறுமி என்னை முறைத்துப் பார்த்தாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. வெட்கப்பட வேண்டிய இடம் அது என்று அப்போது தெரியாது.

பாதத்தின் நோவு ஏன் பனியில் தெரியவில்லை என்பதைப் பின்னர் வைத்தியர் விளக்கினார். ஸ்கேட் சப்பாத்து மிகவும் இறுக்கமானது. பாதத்தை அசையவே விடாது. வெடித்த எலும்பையும் அது சேர்த்துக் கட்டி வைத்திருந்திருக்கிறது.

நான் ஐஸ் டான்ஸ் ஆடுபவள். ஆடியவள் என்று எழுத இன்னும் கை வரவில்லை. எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது பெரும்பாடு. "ரீவீயிலை துள்ளித் துள்ளிச் சுத்துறதே?" என்பார்கள். இல்லை, அது வேறு. இதில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் பனியின்மேல் ஒருவரை ஒருவர் பிடித்தபடி, விலகாமல், இசைக்கு ஆட வேண்டும். இடையிடையே அவன் அவளைத் தூக்கிச் சுழற்றி இறக்குவான். "பொடியனோடையோ?" என்பது அடுத்த கேள்வி. ஓம், பொடியனோடுதான். அதோடு பேச்சு நின்றுவிடும்.

ஜேர்மனியில் இருந்து நாங்கள் லண்டன் ஹவுன்ஸ்லோவுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அங்கே பள்ளிக்கூடத்தில் பழகிய ஸ்கேட்டிங்கை விடமாட்டேன் என்று அடம்பிடித்தேன். அப்பாவுக்கு ஹீத்ரோவில் சரக்குப் பகுதியில் வேலை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து, உடுப்பு மாற்றாமல், என்னைப் பயிற்சிக்குக் கூட்டிப் போவார். பார்வையாளர் கதிரையில் வாய் பிளந்து நித்திரை கொள்வார். அம்மா விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலை செய்தார். ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்குச் சோறும் இறைச்சியும் தட்டில் அடுக்குகிறவரின் மகள் நான். இதை எழுதும்போது முகம் சுடுகிறது.

என் ஆட்டத் துணையான ஓவனோடு நான் சேர்ந்தது பதினேழு வயதில். வேல்ஸ்காரன், அதிகம் பேசமாட்டான், பிந்தி வரமாட்டான். இங்கிலாந்தில் நடக்கும் போட்டிகளில் முதல் வரிசைக்குக் கிட்டப் போய் நின்றோம். இன்னும் ஒரு படி ஏறினால் வெளிநாட்டுப் போட்டிகளுக்கு அனுப்புவார்கள் என்ற நிலை.

என்னை மெலியச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் ஒரு கொடுமைக்காரப் பயிற்சியாளரைத்தான் தேடுகிறார்கள். எங்கள் பயிற்சியாளர் நல்ல பெண். நடந்தது இவ்வளவுதான்: ஒருநாள் என்னைத் தூக்கி இறக்கும்போது ஓவனின் தொண்டையில் இருந்து 'ம்ஹ்' என்று ஒரு சத்தம் வந்தது. அன்று அவனுக்குத் தடிமன், மூக்கடைப்பு. அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை. அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஆனால் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவின் வீட்டில் சாப்பிடாமல் இருப்பது லேசான காரியமா? 'டயட்' என்றால் வீடு இரண்டுபடும். 'விரதம்' என்றால் வீடு கும்பிடும்.

வெள்ளி விரதத்தில் தொடங்கினேன். பிறகு செவ்வாயும் சேர்ந்தது. புரட்டாதியில் நவராத்திரி, ஐப்பசியில் கௌரி விரதம், அதை ஒட்டிக் கந்தசஷ்டி, மார்கழியில் திருவெம்பாவை. எங்கள் போட்டிக் காலமும் அதே மாதங்கள்தான். அம்மா பிடிக்கும் விரதத்தில் ஒருவேளைச் சோறு உண்டு. நான் பிடித்ததில் அதுவும் இல்லை. பாலும் பழமும் போதும் என்றேன். "இந்த வயசிலை இப்பிடி ஒரு பக்தியோ!" என்று அம்மாவின் கண் கலங்கியது. கோயிலில், வேலையிடத்தில், கனடாவில் இருக்கும் சித்தியிடம் தொலைபேசியில் என்று எல்லா இடமும் என் விரதம் பேசப்பட்டது. நல்ல மாப்பிள்ளை வேண்டித்தான் இருக்கிறாள் என்று சிலர் பகிடி பண்ணினார்கள். நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். அதுவும் ஒரு வசதியான மறைப்புத்தானே.

எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. அதுதான் இதில் மிக அசிங்கமான பகுதி. நம்பாதவள் செய்திருந்தால் அது வெறும் பொய். நான் அம்மனைக் கும்பிட்டுக்கொண்டே அவளைச் சாட்டாக வைத்துப் பட்டினி கிடந்தேன்.

அடுத்த பருவத்தில் மாதவிடாய் நின்றது. முதலில் நாட்கள் தள்ளிப் போயின, பிறகு வரவே இல்லை. பயம் வந்திருக்க வேண்டும். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெளிர்நிற உடுப்பு, நடுவர்கள், கமரா, தூக்கும்போது மேலே எழும் பாவாடை: இதெல்லாம் இருக்கும்போது அந்த நாட்கள் இல்லாமற்போனது ஒரு தொல்லை குறைந்ததுபோல. விளையாடும் பெண்களுக்கு இப்படி நடப்பது வழமை என்று எங்கோ கேட்டதை இறுகப் பிடித்துக்கொண்டேன். அது வழமை அல்ல. இதைப் படிக்கும் பிள்ளைகளே, யார் சொன்னாலும் அது வழமை அல்ல.

எங்கள் வீட்டு வழக்கத்தில் அந்த நாட்களில் பெண்கள் கோயிலுக்குப் போவதில்லை. சுவாமியறைக்குள் கால் வைப்பதில்லை. இது சரியா பிழையா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. அப்படித்தான் வளர்ந்தோம். கௌரி விரதம் பிடிக்கும் பெண்களுக்குக் கடைசி நாள் கையில் காப்பு நூல் கட்டும்போது அந்த நாள் வந்துவிடுமோ என்பதே பெரிய கவலை. "உமக்கு ஒருமுறையும் பிசகேல்லையே!" என்று ஒரு அன்ரி வியந்தார். "அம்மனுக்கு உம்மிலை நல்ல விருப்பம், பிள்ளை." அம்மா பக்கத்தில் நின்று தலையாட்டினார். "என்ரை பிள்ளை மூண்டு வரியமாய் ஒரு வெள்ளியும் தவறவிட்டதில்லை."

அந்த வசனத்தை அம்மா எத்தனை பேரிடம் சொன்னாரோ தெரியாது. கேட்ட ஒருத்தருக்கும் அதில் இருந்த பிழை பிடிபடவில்லை. அத்தனை பேரும் பெண்கள்.

கோயிலில் வந்த நோவு மெல்ல மெல்லப் பனித்தளத்துக்கும் வந்து சேர்ந்தது. நோவுக்குக் குளிசை போட்டுக்கொண்டு ஆடினேன். ஒருநாள் காலை, இசையோடு முழு ஆட்டத்தையும் ஆடிப் பார்க்கும்போது இடது காலால் தள்ள முடியவில்லை. கால் என்னுடையது இல்லைப்போல நின்றது. ஓவனின் கையைப் பிடித்தபடியே பனியில் இருந்துவிட்டேன். இசை மட்டும் தன்பாட்டில் ஓடி முடிந்தது.

எம்.ஆர்.ஐ (காந்தத்தால் உடலின் உள்ளே எடுக்கும் படம்) எடுத்தார்கள். படகெலும்பில் (பாத வளைவின் உச்சியில் இருக்கும் சிறிய எலும்பு, இரத்த ஓட்டம் குறைவு, ஆறுவதற்குத் தாமதமாகும்) அழுத்த முறிவு. அழுத்த முறிவு என்பது ஒரே அடியில் முறிவது அல்ல. திரும்பத் திரும்ப விழும் சுமையைத் தாங்க மாட்டாமல் எலும்பு மெல்ல வெடிப்பது. ஊன்றுகோல் தந்து, விளையாட்டு மருத்துவரிடம் அனுப்பினார்கள்.

அப்பாவுக்கு ஷிப்ட். அம்மா லீவு போட்டுக்கொண்டு வந்தார். உள்ளே வரவேண்டாம், வெளியில் இருங்கோ என்றேன். "ஊண்டுகோலோடை கதவு திறப்பியோ நீ?" என்று கேட்டுவிட்டு எனக்கு முன்னால் உள்ளே போய் இருந்துகொண்டார்.

வைத்தியர் நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஸ்கொட்லாந்துப் பெண். படத்தைக் காட்டினார், பாதத்தை அழுத்திப் பார்த்தார், எத்தனை மணிநேரம் பயிற்சி என்று கேட்டார். பிறகு, கணினியில் இருந்து கண்ணை எடுக்காமல், கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது என்று கேட்டார்.

"போன மாதம்," என்றேன். நாக்கு நடுங்கவே இல்லை. நன்றாகப் பழகியிருந்தது.

அம்மாவின் ஆங்கிலம் சமையற்கூடத்து ஆங்கிலம். ஆனால் 'பீரியட்' என்ற சொல் அவருக்குத் தெரியும். கதிரையின் நுனிக்கு வந்தார். என்னைப் பார்த்தார். அவருடைய உதடு அசைந்தது, ஏதோ எண்ணுவதுபோல. பிறகு முகம் வெளிறியது.

"டொக்டர்," என்றார். "திஸ் கேர்ள் கமிங் டெம்பிள் எவ்ரி ஃப்ரைடே. த்ரீ இயர். எவ்ரி ஃப்ரைடே."

வைத்தியர் அன்பாகச் சிரித்தார். அது நல்ல விஷயம் என்றார்.

"நோ! நோ குட்!" அம்மா கிட்டத்தட்டக் கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "சொல்லு. அவவுக்கு விளங்கப்படுத்து. எல்லா வெள்ளியும் வந்தனீ எண்டால் என்ன அர்த்தம் எண்டு சொல்லு."

நான் ஊன்றுகோலின் பிடியைத் திருகினேன்.

"சொல்லு பிள்ளை. எனக்கு அவ்வளவு இங்கிலீசு வராது."

சொன்னேன். எங்கள் பெண்கள் அந்த நாட்களில் கோயிலுக்குப் போவதில்லை, நான் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவிடவில்லை, ஆகையால் எனக்கு மூன்று வருடமாக மாதவிடாய் இல்லை என்று, என் பொய்யை நானே பிடித்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். பனியில் எத்தனையோ பேர் பார்க்கப் பொத்தென்று விழுந்திருக்கிறேன். அந்த அறையில் பட்ட வெட்கத்துக்கு அதெல்லாம் தூசு.

வைத்தியர் கணினியை விட்டுத் திரும்பி உட்கார்ந்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். விரதங்களைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "விரதம் இல்லாத நாட்களில்?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் கட்டித்தரும் சாப்பாட்டுப் பெட்டி மாலையில் கழுவிப் பளபளவென்று திரும்பி வருவதையும் அவர் பக்தி என்றுதான் நினைத்திருந்தாரோ என்னவோ.

வைத்தியர் விளக்கினார். இதற்குச் சார்பு ஆற்றல் குறைபாடு (செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற உணவு உடலுக்குக் கிடைக்காத நிலை) என்று பெயர். குளிர்காலத்தில் எரிபொருள் போதாவிட்டால் பாவிக்காத அறையின் ஹீட்டரை நிறுத்துவோம் அல்லவா, உங்கள் உடல் அதைத்தான் செய்தது என்றார். முதலில் மாதவிடாயை நிறுத்தியது. அதோடு ஈஸ்ட்ரோஜன் (பெண்ணுடலின் சுரப்பு, எலும்பைக் காப்பதும் இதுதான்) குறைந்தது. எலும்பு மெலிந்தது.

"எப்போது திரும்ப ஆடலாம்?" அந்த நிலையிலும் நான் கேட்டது அதைத்தான்.

"எலும்பு பொருந்த வேண்டும். அது முதல் படி. மாத்திரை எதுவும் இல்லாமல், உங்கள் உடலே மாதவிடாயைத் திரும்பத் தொடங்க வேண்டும். அது இரண்டாவது. அதுவரை பனிக்குப் போக நான் சம்மதிக்க மாட்டேன்."

"எவ்வளவு நாள்?"

"எனக்குத் தெரியாது. சிலருக்குச் சில மாதம். சிலருக்கு வருடக்கணக்கு. சிலருக்கு எலும்பு பழைய நிலைக்கு வருவதே இல்லை. பிள்ளை பெறுவதும் சிரமமாகலாம்."

கடைசி வசனத்தை அம்மாவுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு விளங்கியிருந்தது.

வைத்தியசாலை நடைபாதையில் அம்மா எனக்கு முன்னால் நடந்தார். ஊன்றுகோலோடு வருகிறவளுக்காக நிற்கவில்லை. லிப்டுக்குப் பக்கத்தில் போய், சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். கோபம் என்று நினைத்து, "அம்மா, என்னிலைதான் பிழை," என்றேன்.

"சும்மா இரு." குரல் கரகரத்தது. "அவ கேட்டாப் பிறகுதான் எனக்கு மண்டையிலை அடிச்சது. நானும் ஒரு பொம்பிளைதானே? மூண்டு வரியம்! ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சன். ஒவ்வொரு வெள்ளியும் அம்மனுக்கு முன்னாலை நிண்டு நன்றி சொன்னனான். என்னத்துக்கு? என்ரை பிள்ளை பட்டினி கிடக்கிறதுக்கு."

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து இருவரும் வெட்கப்பட்டுக்கொண்டு வந்தோம்.

அடுத்த வாரங்களில் டெக்ஸா (எலும்பின் அடர்த்தியை அளக்கும் படம்) எடுத்தார்கள். என் முதுகெலும்பு வயதான பெண்ணினுடையதுபோல இருந்தது. பாதத்துக்குப் பெரிய பிளாஸ்டிக் சப்பாத்து, நிலத்தில் ஊன்றவே கூடாது. உணவு ஆலோசகர் ஒரு நாளைக்கு ஆறு முறை சாப்பிடச் சொன்னார். அவர் தந்த உணவு அட்டவணைப் படத்தில் பாணும் பாஸ்தாவும் இருந்தன, புட்டு இல்லை. அம்மா என் தொலைபேசியை வாங்கி, புட்டை, அவிக்கும் நீத்துப்பெட்டியோடு படம் எடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பச் சொன்னார். "இது எந்த இடத்திலை வருது எண்டு கேள்." மாச்சத்தில் வரும், தாராளமாகச் சாப்பிடலாம் என்று பதில் வந்தது. அம்மா அன்று முழுக்க ஏதோ வழக்கில் வென்றவர்போலத் திரிந்தார்.

சாப்பிடுவது லேசாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். முழு ஊரும் காலையில் சாப்பிடும் புட்டும் முட்டைப்பொரியலும் எனக்கு மலை. சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்து அழுதிருக்கிறேன். இருபத்துநாலு வயதில், குழந்தைப்பிள்ளைபோல, உருண்டையைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அம்மா கண்டும் காணாதவர்போல இருப்பார். ஒருநாள் பொறுக்கமுடியாமல், "விழுங்கு, மகாராணி, எனக்கு ஷிப்டுக்கு நேரமாகுது," என்றார். எனக்குச் சிரிப்பு வந்து, விழுங்கிவிட்டேன்.

வைத்தியரைப் பார்த்துவந்த பிறகு முதல் வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா மத்தியானம் இரண்டு கோப்பையில் சோறு போட்டார். பருப்பு, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, மேலே ஒரு கரண்டி நெய். ஒரு கோப்பையை எனக்கு முன்னால் வைத்து, மற்றதோடு தானும் இருந்தார்.

"அம்மா, இண்டைக்கு உங்களுக்கு விரதம்."

"இந்த வீட்டிலை இனி விரதம் இல்லை. நான் பிடிச்சால் நீயும் சாட்டு எடுப்பாய். உனக்குச் சுகம் வரட்டும், பிறகு பாப்பம்."

கலியாணம் கட்டிய நாளில் இருந்து அம்மா வெள்ளி விரதம் விட்டதில்லை. அகதி முகாமில் இருந்தபோதும் ஜேர்மனியில் இருந்தபோதும் விட்டதில்லை. அந்த ஐப்பசியில் கௌரி விரதமும் பிடிக்கவில்லை, காப்பும் கட்டவில்லை. வெறுமையான அந்தக் கைதான் எனக்குச் சோறு போட்டது. இப்படிப்பட்ட வெட்கத்தில் சாப்பாடு இறங்காது என்று நினைத்தேன். இறங்கத்தான் வேண்டியிருந்தது.

அப்பாவிடம் இரத்தம் குறைவு என்று மட்டும் சொன்னோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஷிப்ட் முடிந்து வரும்போது பீற்றூட்டும் பேரீச்சம்பழமும் நண்டும் வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டு நித்திரைக்குப் போய்விடுவார். சாப்பிட்டாயா என்று கேட்கவும் அவருக்குக் கூச்சம்.

ஓவனிடம் பாதம் முறிந்தது என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவன் தனியே பயிற்சி செய்துகொண்டு எனக்காகக் காத்திருந்தான். ஐஸ் டான்ஸில் துணை இல்லாதவன் போட்டிக்குப் போக முடியாது. மாதங்கள் போயின. எலும்பு பொருந்தியது, மற்றது வரவில்லை. ஒரு நாள் பனித்தளத்துத் தேநீர்க் கடைக்கு அவனை வரச் சொல்லி முழுவதையும் சொன்னேன். தமிழில் அம்மாவிடம் சொல்லக் கூசியதை ஆங்கிலத்தில் அவனிடம் சொல்வது அவ்வளவு கடினமாக இல்லை. அவன்தான் சிவந்துபோனான்.

"உன்னைத் தூக்குவது வரவர லேசாகிக்கொண்டு வந்தது," என்றான். "ஜிம்மில் நான் பட்ட பாட்டின் பலன் என்று நினைத்தேன். எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்."

அவனையும் வெட்கப்பட வைத்துவிட்டேன். வேறு துணை தேடு என்று நான்தான் சொன்னேன். இரண்டு தரம் மறுத்தான், மூன்றாம் தரம் மறுக்கவில்லை. வடக்கில் இருந்து ஒரு பெண் வந்தாள். கெட்டிக்காரி. அவர்களுடைய முதல் போட்டியைப் பார்க்கப் போனேன். அவன் அவளைத் தூக்கியபோது மண்டபம் முழுக்கக் கைதட்டியது. நானோ அவள் எத்தனை கிலோ இருப்பாள் என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தேன். அப்படி அளப்பதை உணர்ந்ததும் எழும்பி வெளியே போய், கார் நிற்பாட்டும் இடத்தில் நின்று அழுதேன். நோய் பாதத்தில் மட்டும் இருக்கவில்லை.

இதே பாதையில் வரும் உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. உடம்பு தேறும்போது எங்கள் ஆட்கள் சும்மா இருக்கமாட்டார்கள். ஈஸ்ட் ஹாமில் ஒரு கலியாண வீட்டில், சேலையோடு போன என்னைப் பார்த்து ஒரு மாமி, "என்னடியப்பா, நல்லாய்க் கொழுத்திட்டாய்!" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அன்று இரவுச் சாப்பாட்டை விட்டுவிட எனக்குள் ஒரு குரல் கத்தியது. அம்மா என் இடுப்பில் கையைப் போட்டு, "ஓம், நாங்கள் பாடுபட்டுக் கொழுக்க வைச்சனாங்கள்," என்று சொல்லி என்னைப் பந்திக்குக் கூட்டிப் போனார். உங்களுக்கும் அப்படி ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளிக்கிடுவதற்கு முன்பே ஒரு மறுமொழியைத் தயார்படுத்திக்கொண்டு போங்கள்.

நான் வளர்ந்ததெல்லாம் போட்டிக் காலத்தை வைத்துத்தான். இத்தனையாம் பருவம், அடுத்த போட்டிக்கு இத்தனை வாரம். அது போனபிறகு நாட்கள் எதை நோக்கி நகர்கின்றன என்று தெரியவில்லை. உடம்போ என்னைக் கேட்காமல் தன்பாட்டில் வேலை செய்துகொண்டிருந்தது. முடி கொட்டுவது நின்றது. கை விரல்கள் குளிரில் வெளிறுவது நின்றது. பழைய உடுப்புகள் ஒன்றும் பூட்டுப்படவில்லை. இந்த உடம்புக்கு நான் என்னென்ன செய்தேன் என்று நினைக்கும்போது, கண்ணாடிக்கு முன்னால் அதன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. அம்மா சேலை உடுத்து, அர்ச்சனைத் தட்டோடு கீழே நின்று, "வாறியோ, இல்லையோ? பஸ் போகப்போகுது!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நின்றேன். வயிற்றின் அடியில் மறந்துபோன ஒரு இழுப்பு. முதலில் எனக்குள் வந்தது மகிழ்ச்சி அல்ல. இது வரும் அளவுக்கு எடை கூடிவிட்டதா என்றுதான் மனம் கேட்டது. அந்த நினைப்புக்காக வெட்கப்பட்டு முடியவும் கொஞ்ச நேரம் எடுத்தது.

படியால் பாதி வரை இறங்கி நின்றேன். "அம்மா, நீங்கள் போங்கோ. நான் இண்டைக்கு வர ஏலாது."

"ஏன், என்ன செய்யுது?" என்று சலிப்போடு தொடங்கியவர் அப்படியே நின்றார். தட்டில் இருந்த எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு கதவடியில் போய் நின்றது. இருவரும் அதை எடுக்கவில்லை.

"உண்மையாவோ?" என்றார்.

"ஓம்."

அம்மா தட்டைச் சப்பாத்து அலுமாரியின் மேல் வைத்தார். கோயிலுக்குக் கட்டிய சேலையோடு படியேறி வந்தார். அந்த நாட்களில் தொடக்கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார். பஸ் போகும் சத்தம் கேட்டது.

பிறகு சேலைத் தலைப்பால் முதலில் என் முகத்தையும் அடுத்துத் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டு, விரலை நீட்டி அதட்டினார்.

"அடுத்த மாசமும் நீ கோயிலுக்கு வரக்கூடாது, சொல்லிப்போட்டன்."